மீன் எங்கே?

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். "தண்ணி இருக்கு, செடி இருக்கு, லைட் எரியுது. மீன் எங்கப்பா?"

வரும். அவசரமில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கிய பிறகுதான் மீனுக்கு நிம்மதி. மிச்சத்தைச் செடிகள் பார்த்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் மண்ணிலும் குடியேற 4 முதல் 6 வாரம் வரை ஆகலாம். கொளத்தூர் மீன் கடைகளில் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அவர்களைவிட மீன்களை நினைத்து.

செடியில் பேராசைப்படவில்லை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கட்டையில் நூலால் கட்டியாயிற்று. இவற்றின் கிழங்குத் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். மண்ணில் நட்டது இலங்கையைச் சேர்ந்த கிரிப்டோகோரைன் வென்டீ. இடம் மாறிய கோபத்தில் இலையெல்லாம் கரைந்துவிட்டது. பரவாயில்லை, வேர் உயிரோடுதான் இருக்கிறது, துளிர்க்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரெல்லாம் இவற்றுக்குத் தேவையில்லை. விளக்கு தினமும் 7 மணி நேரம்; அதற்கு மேல் போனால் பாசிதான் வளரும்.

முதலில் விடப்போவது செர்ரி பார்ப். அதுவும் இலங்கை ஓடைகளின் மீன்தான்.

சென்னையில் யாரிடமாவது நன்றாக ஓடுகிற தொட்டியின் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் இருந்தால் ஒரு துண்டு கொடுங்கள். உறைமோர் மாதிரி, வேலை சீக்கிரம் நடக்கும். இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.