ஃபியூஸ் மேல கோபப்படாதீங்க!

பின்பால் மெஷினைப் பெரும்பாலும் ஹாலிவுட் படங்களில்தான் பார்த்திருப்போம். சாய்வான கண்ணாடிப் பெட்டிக்குள் எஃகு குண்டு உருண்டு வரும். பக்கவாட்டு பட்டனை அழுத்தி, 'ஃப்ளிப்பர்' என்கிற குட்டித் துடுப்புகளால் அதை மேலே தட்டிவிட வேண்டும். சூதாட்டம் என்று சொல்லி 1942-ல் நியூயார்க் நகரம் இதற்குத் தடையே போட்டது. 1947-ல் சிகாகோவின் காட்லீப் கம்பெனி ஃப்ளிப்பரைக் கொண்டுவந்த பிறகுதான் ஆட்டத்தில் திறமைக்கு வேலை வந்தது. ஆனாலும், தடை நீங்க 1976 ஆனது.

சிகாகோ பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா மகன், 1970-களின் தொடக்கத்தில் செய்த மெஷின் ஒன்றை வைத்திருக்கிறார். உள்ளே சிப் எதுவும் கிடையாது. ரிலே, சுவிட்ச், காயில், மைல் கணக்கில் வயர்... அவ்வளவுதான்.

ஷிஃப்ட் முடிந்து இரவு 10 மணிக்கு வீடியோ காலில் அண்ணனைப் பிடிப்பேன். அங்கே காலை 11:30. வார நாளில் அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கிறார் என்றால் புரிந்திருக்குமே... வேலை போய் இரண்டு மாதம். பெரியம்மாவுக்குத் தெரியாது. எங்களுக்குள்ளும் அதைப் பேசுவதில்லை. மெஷினைப் பற்றி மட்டுமே பேசுவோம்.

பிரச்னை இதுதான். இடது ஃப்ளிப்பர் நன்றாகவே அடிக்கும். பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ஃபியூஸ் போய்விடும்.

"மூணாவது ஃபியூஸ் பாப்பா. கொஞ்சம் பெருசா போட்டுடவா?"

"வேணாம்ண்ணா!" என்றேன். ஃபியூஸ் கேரியரில் தடிமனான கம்பியைச் சுற்றிவிடும் வேலையை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோமே. ஃபியூஸ் பிழைத்துக்கொள்ளும், வயரிங் கருகிவிடும்.

மெஷினின் சர்க்யூட் வரைபடத்தை இருவரும் திறந்து வைத்துக்கொண்டோம். ஃப்ளிப்பர் காயிலில் இரண்டு சுற்றுகள். ஒன்று, ஓங்கி இழுக்க. துடுப்பு முழுதாக உயர்ந்ததும் ஒரு சின்ன சுவிட்ச் விலகும். உடனே மெல்லிய கம்பிச் சுற்று வழியாகவும் மின்சாரம் போக வேண்டியிருக்கும், அளவு குறையும். துடுப்பைத் தாங்கிப் பிடிக்க அது போதும். சுவிட்ச் விலகாவிட்டால்? முழு மின்சாரமும் பாய்ந்துகொண்டே இருக்கும். காயில் கொதிக்கும். அதைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் உயிரை விடுகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பலகையைத் தூக்கி நிறுத்தி, துடுப்பைக் கையாலேயே மெதுவாக அசைத்துப் பார்த்தார். வலது பக்கத்தில் சுவிட்ச் தகடுகள் பிரிந்தன. இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தன. ஒரு தகடு லேசாக வளைந்திருந்தது, அவ்வளவுதான். நிமிர்த்தி, 3 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வரச் செய்தார். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது, இரண்டு காயில்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. காயில் பிழைத்துவிட்டது.

புது ஃபியூஸ் போட்டு பட்டனை அழுத்தினார். ஒரு நிமிடம் ஆகியும் ஒன்றும் ஆகவில்லை. பட்டனிலிருந்து கையை எடுத்தவர், "டீம்ல 12 பேரையும் எடுத்துட்டாங்க பாப்பா. ரெண்டு மாசமா என்கிட்ட என்ன குறைன்னே யோசிச்சுட்டு இருக்கேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் ஒரு மணி நேரம் பேசினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவுக்கு அவரே போன் செய்து விஷயத்தைச் சொன்னார். பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "சாப்டியாப்பா?"