உம்மாவின் முகமும் ஒரு சிறு குப்பியும்



சென்ற ஆண்டு துபாயிலிருந்து விடுமுறையில் வந்த எங்கள் தம்பி, உம்மாவுக்கென்று ஒரு சிறு சீரம் குப்பியைக் கொண்டுவந்தான். ‘பெப்டைடு கலந்தது, தளர்ந்த தோலை இறுக்கும்’ என்றான். சகோதரிகள் நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம். வாப்பா வஃபாத்தான பிறகு உம்மாவின் கன்னங்கள் தளர்ந்துபோனது எங்கள் கண்களை உறுத்திக்கொண்டே இருந்தது. உம்மாவோ குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை எதிலிருந்து எடுக்கிறார்கள்? ஹலாலானதா?” என்று மட்டும் கேட்டார்கள். எங்களிடம் விடை இல்லை. தேடிப் படித்தோம்.

தோலின் உறுதிக்கு முதற்காரணம் கொலாஜன் என்னும் புரதம். வயது ஏற ஏற அது குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளிலேயே ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. கொலாஜனையே களிம்பாகப் பூசினால், அதன் மூலக்கூறு மிகப் பெரிது என்பதால் மேலே தங்கி ஈரம் காக்குமேயன்றி உள்ளே இறங்காது. பெப்டைடு என்பது சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. அவற்றுள் ஒருவகை, சிதைந்த கொலாஜனின் துண்டை ஒத்திருக்கும். அதைக் காணும் உயிரணுக்கள் பழுது நேர்ந்ததென்று கருதிப் புதிய கொலாஜனை உண்டாக்கும் என்பதே இதன் அடிப்படை. தோலினுள் இறங்குவதற்காக ஒரு கொழுப்பு அமிலத்தையும் அதனுடன் இணைப்பார்கள்.

உம்மாவின் கேள்வி பொருளுள்ளது என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. கொலாஜனை மீன், மாடு, பன்றி ஆகிய எதிலிருந்தும் எடுக்கலாம். பெப்டைடுகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் தொகுக்கப்படுபவை. ஆயினும் அந்தக் கொழுப்பு அமிலம் பாமாயிலிலிருந்தும் வரலாம். விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டோம். தாவர மூலம் என்று பதில் வந்த பின்னரே உம்மா இசைந்தார்கள்.

பலன் எவ்வளவு? 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 93 பெண்கள் முகத்தின் ஒரு பக்கம் பெப்டைடு களிம்பையும் மறுபக்கம் அது சேராத களிம்பையும் 12 வாரங்கள் பூசினார்கள். பெப்டைடு பூசிய பக்கத்தில் சுருக்கங்கள் சற்றே குறைந்தன. அவ்வளவே.

நாங்களும் இஷாவுக்குப் பின் நாள்தோறும் உம்மாவுக்குப் பூசிவிட்டோம். மூன்று மாதங்களில் கண்ணோரக் கோடுகள் சிறிது மென்மையடைந்தன போலிருந்தது. கன்னத்தின் தளர்வு அப்படியே இருந்தது. ஓரிரவு நாங்கள் விளக்கருகே முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது உம்மா மெல்லச் சொன்னார்கள்: “இந்த முகத்தில் என்ன குறை கண்டீர்கள் மக்களே? உங்கள் வாப்பா கடைசியாகப் பார்த்த முகம் அல்லவா இது?”

நாங்கள் தலை கவிழ்ந்தோம். ஹலாலா என்று தயாரித்தவர்களிடம் கேட்ட நாங்கள், இது வேண்டுமா என்று உம்மாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

குப்பி தீர்ந்தது, மறுபடி வாங்கவில்லை. இத்தகையவற்றை வாங்குவோர் மூலப்பொருளை விசாரித்து, பலனை அளவோடு எதிர்பார்ப்பது நல்லது. தோல் தளர்வதில் வெயிலுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆதலால் குடையும் சன்ஸ்கிரீனும் இளவயதிலேயே வேண்டும். பிறருக்காக வாங்குவோர் முதலில் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போதும் இஷா முடிந்ததும் உம்மா எங்களை அழைக்கிறார்கள். தேங்காயெண்ணெய்க் கிண்ணம் அருகில் இருக்கும். கால்களை நீட்டிக்கொண்டு, வாப்பாவின் கதைகளைச் சொல்லத் தொடங்குவார்கள்.