எட்டு எப்போது ஐந்தாகும்?



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டார். கவிதை எனக்கு வராது. காதலைப் பற்றி எழுதப் போன வருட மலரிலேயே நிறையப் பேர் இருந்தார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன்: மூன்று ஸ்பார்க் ப்ளக். தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று என்று சொல்வதுதான் சரி.

எங்கள் வீடு ஆவடியில். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எனக்கு ஆட்டோமொபைல் பிரிவில் இடம் கிடைத்த அன்று எங்கள் ஆயா, "எம் பேரன் இஞ்சினீரு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தது.

எங்களிடம் ஒரு கார் உண்டு. கார் என்றதும் பெரிய வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள்! 2004-ம் வருட மாருதி ஆம்னி, பல கை மாறி வந்தது. ஆயாவால் பஸ் படி ஏற முடியவில்லை என்று சீட்டுப் பணத்தை எடுத்து அப்பா வாங்கினார். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆகவே மூன்று ப்ளக். முன் சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சின் கண்ணுக்குத் தெரியும்.

ஒருநாள் அந்த எஞ்சின் நடுங்க ஆரம்பித்தது. அப்பா சீட்டைத் தூக்கி ப்ளக்குகளைக் கழற்றினார். முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது.

"கலரு நல்லாத்தான் இருக்குது, பிஸ்கோத்து மாதிரி. தேய்ஞ்சு போச்சு, அவ்ளோதான். இத்த எடுத்துனு போயி கடையில காட்டு, இதே மாதிரி வாங்கினு வா" என்று ஒரு பழைய ப்ளக்கைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

படிக்கிற பையன் பழைய ப்ளக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவதா? அதன்மேல் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு வீட்டிலேயே வைத்துவிட்டேன். அது பாஷ் கம்பெனி ப்ளக். அப்பா இன்னும் 'மைக்கோ ப்ளக்' என்றுதான் சொல்லுவார். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது அவருக்குக் கணக்கில்லை. டபிள்யூ.ஆர்.8 என்று ஆரம்பித்தது அந்த எழுத்து. எட்டு! அது போதும் எனக்கு.

கடையில் அந்தக் கம்பெனி ப்ளக் அன்றைக்கு இல்லை. என்ஜிகே இருக்கிறது என்றார்கள். "வண்டி இன்னா தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார். நான் வண்டியைச் சொல்லவில்லை. "14 எம்எம் மரை, நீளம் 19 எம்எம், ரெசிஸ்டர் டைப், ஹீட் ரேஞ்ச் எட்டுண்ணா" என்றேன், வைவா வோசியில் பதில் சொல்வதுபோல. அவர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, கேட்டதையே எடுத்துக் கொடுத்தார்.

மாட்டினோம். மரை சரியாக ஏறியது. வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. "பரவால்லியே, படிச்ச புள்ள வாங்கினா வாங்கினதுதான்" என்றார் அப்பா. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்!

மூன்று வாரம் போனது. மார்க்கெட், திருமுல்லைவாயல் கோயில், பட்டாபிராமில் அத்தை வீடு என்று கிட்டக் கிட்ட ஓட்டம்தான். மெதுவாகப் பழைய நடுக்கம் திரும்பியது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆயாவுக்குக் கண்புரை. ஆபரேஷனுக்கு முன்னால் டெஸ்ட் எடுக்க எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா லீவு போட்டார். சி.டி.எச். ரோட்டில் ஊர்ந்து ஊர்ந்து போனோம். பாடி வந்ததும் வண்டி இருமி, குலுங்கி, நின்றேவிட்டது. வண்டிகளுக்கு மின் சாதனம் செய்கிற லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை இருக்கிற அதே பாடியில், எங்கள் வண்டிக்குள் ஒரு பொறி கிடையாது!

ஆயாவை இறக்கி ஒரு டீக்கடை நிழலில் உட்கார வைத்தோம். அப்பா சீட்டைத் தூக்கி, சூட்டோடு துணியைப் பிடித்துக் கழற்றினார். மூன்று ப்ளக்கும் அடுப்புக்கரி. ஒன்றும் பேசாமல் டேஷ்போர்டைத் திறந்து, பேப்பரில் சுற்றிய பழைய மூன்றையும் எடுத்தார். அவர் எதையும் தூக்கி எறிகிற ஆள் இல்லை. தேய்ந்த முனையை லேசாகத் தட்டி இடைவெளியைக் குறைத்து மாட்டினார். வண்டி கிளம்பியது. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அன்றைய டெஸ்ட் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அப்பாவுக்கு இரண்டு நாள் சம்பளம் போனது. "பரவால்லடா, இன்னும் ஒரு வாரம் மங்கலா பார்த்தா இன்னா கொறஞ்சிடும்" என்றது ஆயா. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

மறுநாள் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டினார்.

நண்பர்களே, நான் தெரிந்துகொண்டது இதுதான். ப்ளக்கின் முனை சுமார் 450 டிகிரி சூட்டுக்கு மேலே இருந்தால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். சுமார் 850 டிகிரியைத் தாண்டினால் பொறி வரும் முன்பே பெட்ரோல் கலவை பற்றிக்கொள்ளும், பிஸ்டனுக்கே ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதுதான் ஹீட் ரேஞ்ச். உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும், அது 'ஹாட்' ப்ளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும், அது 'கோல்ட்' ப்ளக். மரை ஒன்றுதான், நீளம் ஒன்றுதான். வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

சூட்சுமம் எண்ணில் இருக்கிறது. பாஷ் ப்ளக்கில் எண் ஏற ஏற ஹாட். என்ஜிகேயில் எண் ஏற ஏற கோல்ட். ஒன்றுக்கொன்று நேர் எதிர்! அட்டவணையில் பாஷ் எட்டுக்கு எதிரே என்ஜிகே ஐந்து என்று இருந்தது. நான் வாங்கியது என்ஜிகே எட்டு. சாது ஆம்னிக்கு, எந்நேரமும் முறுக்கி ஓட்டுகிற எஞ்சினுக்கான குளிர்ந்த ப்ளக். கிட்டத்து ஓட்டத்தில் அது சூடேறவே இல்லை, கரி படிந்துகொண்டே போனது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் போய், "தப்பு என்னோடதுப்பா. அந்தக் கம்பெனி எட்டும் இந்தக் கம்பெனி எட்டும் வேற வேற" என்றேன்.

கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப எது வாங்கணும்?"

"அதுல அஞ்சு."

"எனக்குக் கலரு தெரியும், நம்பரு தெரியாது. நம்பரு நீ பாரு. கலரு நான் பாக்கறேன். ஆனா கேக்கறவனுக்குப் பதில் சொல்லிட்டு வாங்கு."

ஞாயிற்றுக்கிழமை அதே கடைக்குப் போனேன். பழைய ப்ளக்கை மேஜைமேல் வைத்து, "2004 ஆம்னிண்ணா" என்றேன். "அதத்தானே அன்னிக்கே கேட்டேன்" என்றார் அவர். இரிடியம் ப்ளக்கும் காட்டினார். நீண்ட நாள் வரும், ஆனால் விலை பல மடங்கு. எங்கள் கிழவண்டிக்குச் சாதாரண நிக்கல் முனையே போதும் என்று ஐந்தாம் எண்ணில் மூன்று வாங்கினேன். இந்த முறை நானே மாட்டினேன். ஹெட் அலுமினியம் என்பதால் முதலில் கையாலேயே கடைசிவரை திருகி, பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று. அதற்கு மேல் பலம் காட்டினால் மரை போய்விடும். இரண்டு மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தோம். அப்பா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பிஸ்கோத்து" என்றார்.

ஆயாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போக, வர அதே ஆம்னிதான்.

நாளைக்கு நீங்களும் உங்கள் வீட்டு வண்டிக்கோ, அடுத்த வீட்டு வண்டிக்கோ ப்ளக் வாங்கப் போவீர்கள். கையேட்டைப் பாருங்கள். வேறு கம்பெனி என்றால் அட்டவணையைப் பாருங்கள். பழைய ப்ளக்கைக் கையோடு எடுத்துப் போங்கள். வண்டி என்ன என்று கடைக்காரர் கேட்டால், தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

— இரண்டாமாண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு