மூக்கைத் துடைத்த துண்டு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிஸ்பேட்ச் பார்க்கிறேன். இன்வாய்ஸ், இ-வே பில், பேக்கிங் லிஸ்ட் என்று நாள் முழுக்கக் காகிதம்தான். அதனால், பல்லடம் பக்கம் தோட்டத்தில் இருக்கும் மாமா, "கண்ணு, பாலக்காட்டுல ஒருத்தர் நம்ம குதிரையக் கேக்கறாரு. என்ன பேப்பர் வேணும்னு நீயே பாத்துரு" என்றபோது, இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். ஆறு வருடத்துக்கு முன் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் அவர் வாங்கிய பெண்குதிரை அது.

கால்நடை மருத்துவரிடம் போனேன். "ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் எழுதிக் குடுங்க சார். நாளைக்கு வண்டி கெளம்புதுங்க."

"குதிரை எங்க?"

"தோட்டத்துலங்க."

"அப்ப நான் எதப் பாத்து எழுதறது?"

பிறகு பொறுமையாகச் சொன்னார். 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, பயணத்துக்குத் தகுதியான உடல்நிலையில் இருக்கிறது என்ற மருத்துவச் சான்று இல்லாத குதிரையை வண்டிக்காரர் ஏற்றவே கூடாது. மாநில எல்லை தாண்டுவதால் கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் வேண்டும். எனக்கு எரிச்சல்தான். வாங்குகிறவர் மனசு மாறிவிட்டால்?

மறுநாள் தோட்டத்துக்கு வந்தார். காய்ச்சல் பார்த்தார். தாடைக்கு அடியில் கட்டி இருக்கிறதா என்று தடவினார். ரத்தம் எடுக்கும்போது குதிரை தும்மியது. மாமா தோள் துண்டால் அதன் மூக்கைத் துடைத்தார். அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார். தினமும் செய்கிறதுதான்.

"ஐயா, அந்தத் துண்டக் கீழ போடுங்க" என்றார் மருத்துவர்.

கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். மூக்குச் சளி போதும். தடுப்பூசி கிடையாது. நோய் உறுதியானால் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்துவிட வேண்டும். குதிரைகளுக்கென்று ஹரியானாவின் ஹிசாரில் தேசிய குதிரை ஆராய்ச்சி மையமே இருக்கிறது.

"தூசிக்குத் தும்முதுங்க" என்றார் மாமா, மெதுவாக.

"இருக்கலாமுங்க. ரிப்போர்ட் வரட்டும்."

அதற்கப்புறம் மாமா விலையைப் பற்றிப் பேசவே இல்லை. தினமும் போன் பண்ணி, "வந்துருச்சா கண்ணு?" என்பார். கிட்டப் போக வேண்டாம் என்று சொல்லியும், ராத்திரி லாயத்துக்கு வெளியே கட்டில் போட்டுப் படுத்தார். எனக்கும் தூக்கம் இல்லை. பார்க்காமல் எழுதிய ஒரு காகிதத்தோடு அதை அனுப்பியிருப்பேன். அங்கே அதைக் குளிப்பாட்டப் போகிறவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. பனியனில் தப்பு வந்தால் சரக்கு திரும்பி வரும், அவ்வளவுதான்.

நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. கிளம்புகிற அன்று மருத்துவர் மறுபடி வந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

வாளையாரில் காகிதத்தை வாங்கியவர் அதோடு விடவில்லை. நிறம், நெற்றி வெள்ளை எல்லாம் ஒத்துப்பார்த்துவிட்டு, டார்ச் அடித்து மூக்கையும் பார்த்தார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. எனக்கு அவசரமே இல்லை.

பாலக்காட்டில் கயிற்றை வாங்கிக்கொண்ட பையனிடம் மாமா வேறொன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இது அவளுக்கு மட்டுமுங்க."