இடையிலே ஐந்து மணி நேரம்

காலையில் எழும்பூரில் இறங்கி, பிற்பகலில் சென்ட்ரலில் வடக்கே போகும் ரயிலைப் பிடிக்கவேண்டும். இடையிலே ஐந்து மணி நேரம். பெரும்பாலும் நடப்பது என்ன? வீட்டுக்காரர் பத்திரிகை வாங்கப் போய்விடுவார். குழந்தைகள் பிளாட்பாரத்தில் ஓடும். பெட்டிகளுக்குக் காவல் அம்மாதான்! பத்து முறை சென்னை வழியாகப் போயும் சென்னையைப் பார்த்தறியாத சகோதரிகள் எத்தனை பேர்!

முதல் காரியமாக, பெட்டிகளைப் பூட்டி, ஸ்டேஷன் கிளோக் ரூமில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கடற்கரை, கோயில், ஜவுளிக்கடை எல்லாவற்றுக்கும் ஆசைப்படவேண்டாம். ஓர் இடம் போதும். ஆட்டோவில் சில நிமிஷ தூரத்தில், பாந்தியன் சாலையில், 1851-ல் தோன்றிய அரசு மியூசியம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் மட்டும் மூடியிருக்கும்.

நேரே வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். கோயிலில் உற்சவ மூர்த்திகளைப் பட்டும் மாலையுமாகவே தரிசித்திருப்போம். இடையின் வளைவும் விரல்களின் நளினமும் இங்கேதான் தெரியும். திருவாலங்காட்டு நடராஜரைப் பார்த்துவிட்டு, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் சற்று நில்லுங்கள். கைகளைக் குழந்தைகள் எண்ணட்டும். மூன்றுதான்! ஆண் பாதிக்கு இரண்டு, பெண் பாதிக்கு ஒன்று. வேலை அதிகமுள்ள பக்கத்துக்குக் கை குறைவாயிற்றே என்று நீங்கள் சிரிக்கலாம்!

பிறகு சாமான்களை மீட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே சென்ட்ரல். ரயிலுக்கு ஒரு மணி முன்னதாகவே போய்விடுங்கள். மீதிச் சென்னை எங்கும் ஓடிவிடாது. அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்.