கேட் சாஃப்ட்வேர் மாத்தலாமா? ஒரு சல்லடைக் கணக்கு

ஃபைனல் இயர் வந்துட்டா மெக்கானிக்கல் பசங்க எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும்: சாலிட்வொர்க்ஸ்லயே இருக்கலாமா, ஃப்ரீகேடுக்கு மாறலாமா? ஹாஸ்டல்ல கேட்டுப் பாருங்க. "கம்பெனில அதை யாரு கேக்குறா?"ன்னு ஒருத்தன் சொல்வான். "சும்மா கிடைக்கும்போது எதுக்குடா காசு?"ன்னு இன்னொருத்தன் சொல்வான்.

எனக்கு இந்தக் கேள்வி அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதைப் பக்கம் இருக்கும் சித்தப்பா பட்டறையில்தான் வந்தது. மல்லாட்டை உடைக்கிற மெஷினுக்கு அவர் சல்லடை செஞ்சு தருவார். கொட்டையோட பருமனுக்கு ஏத்த மாதிரி ஓட்டை அகலம் மாறணும். லேசர் கட்டிங்குக்கு அனுப்ப டிராயிங் வேணும். "நீதான் கம்ப்யூட்டர்ல வரையிறியேப்பா, போட்டுக் குடு"ன்னார். என்கிட்ட இருந்ததோ மாணவர் லைசென்ஸ். அது படிக்கிறதுக்கு மட்டும்தான். காசு வாங்குற வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

மாறும்போது என்ன கூட வரும்னு முதல்ல பாருங்க. ஒரு சாஃப்ட்வேர்லேர்ந்து இன்னொண்ணுக்குப் போகப் பொதுவான வழி ஸ்டெப் ஃபைல் (ஐஎஸ்ஓ 10303). அதுல வடிவம் அப்படியே வரும். ஆனா ஸ்கெட்ச், அளவுகள், ஃபீச்சர் ட்ரீ பொதுவா வராது. சாலிட்வொர்க்ஸ்ல ஒரு எண்ணை மாத்தினா சல்லடையோட எல்லா ஓட்டையும் மாறும். ஸ்டெப் வழியா வந்த சல்லடை வெறும் கட்டி மாதிரிதான். அடிக்கடி அளவு மாறுற பார்ட்டை மறுபடி வரையத்தான் வேணும்.

ஃப்ரீகேட் 2002லேர்ந்து இருக்கு, 1.0 வந்தது 2024 நவம்பர்லதான். ஒரு முகத்தை மாத்தினா அதை நம்பி நிக்கிற ஃபீச்சர் எல்லாம் உடையிற பழைய தொல்லை அதுல நிறைய குறைஞ்சிருக்கு, முழுசா தீரலை. இன்டர்வியூல சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, கிரியோன்னு பேர் சொல்லித்தான் கேப்பாங்க, அதுவும் உண்மை. ஆனா ஸ்கெட்ச் போட்டு, கட்டுப்பாடு கொடுத்து, எக்ஸ்ட்ரூட் பண்ற யோசனை 1988ல வந்த ப்ரோ இன்ஜினியர் காலத்துலேர்ந்து எல்லாத்துலயும் ஒண்ணுதான். ஃபைல் மாறாட்டியும் கை மாறிப் பழகிடும்.

நான் ரெண்டையும் வச்சுக்கிட்டேன். ப்ராஜெக்ட்டுல நாலு பேர் ஒரே அசெம்ப்ளியைத் திறக்கணும். அது சாலிட்வொர்க்ஸ்லயே இருக்கு. சல்லடையை ஃப்ரீகேட்ல முதல்லேர்ந்து வரைஞ்சேன். நாளைக்கு நான் வேலைக்குன்னு சென்னை போயிட்டாலும், பட்டறைக்கு வர்ற அடுத்த பையன் அதே ஃபைலைத் திறந்து, அகலத்தை மாத்தி, கட்டிங்குக்கு அனுப்பலாம்.

நீங்களும் முடிவு பண்றதுக்கு முன்னாடி, அடிக்கடி மாத்துற ஒரு பார்ட்டை எடுத்து ரெண்டுலயும் வரைஞ்சு பாருங்க. ஒரு அளவை மாத்துங்க, எது உடையுதுன்னு பாருங்க. உங்களுக்கு அப்புறம் அந்த ஃபைலை யார் திறக்கப் போறாங்கன்னும் யோசிங்க.