கரிசல் சீமையில் ஒரு புத்தக அலமாரி

அருப்புக்கோட்டையில் 'நூல்' என்று சொன்னால், முதலில் நினைவுக்கு வருவது தறியில் ஓடும் நூல்தான். பாவு நூல், ஊடை நூல், சாய நூல் என்று அதற்குப் பல பெயர்கள் உண்டு. படிக்கின்ற நூலை எங்கள் பக்கத்தில் 'புத்தகம்' என்போம். ஓதுகின்ற நூலாயின் 'கிதாபு' என்போம். தறி நூல் இல்லையேல் ஊரில் அடுப்பு எரியாது. புத்தகம் இல்லையேல் என்ன ஆகும் என்று எவரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நிலை இப்போது வந்துள்ளதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் பிறந்தது திருச்சுழிப் பக்கம். ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் என்று வெளியூரார் அதனை அறிவர். எங்களுக்கு அது குண்டாற்றங்கரை ஊர். ஆறு என்று பெயரே தவிர, ஆண்டில் பல மாதங்கள் மணல்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் இரங்கினால் பருத்தியும் மிளகாயும் கம்பும் சோளமும் விளையும். இரங்காவிட்டால் சீமைக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்றுக் காலந்தள்ள வேண்டும். இத்தகைய சீமையில் புத்தகம் வாங்குவதற்குக் காசு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். மிளகாய் வற்றல் விற்ற காசிலிருந்து வந்தது என்பதே என் வீட்டளவில் நான் கண்ட விடை.

என் அத்தா வற்றல் வியாபாரத்துக்காக அருப்புக்கோட்டைக்குப் போய் வருவார். கணக்கு முடிந்து பணம் கைக்கு வந்த நாளில், பேருந்து நிலையத்துக்கு நேரே திரும்பாமல், கடைவீதியில் ஒரு சிறு புத்தகக் கடைக்கு என்னையும் கூட்டிச் செல்வார். பத்தடி அகலம்கூட இருக்காது. முன்புறம் நோட்டுப் புத்தகம், சிலேட்டு, மைப்புட்டி, பாடநூல் உரைகள். மேலே கட்டிய கயிற்றில் அம்புலிமாமாவும் கல்கண்டும் குமுதமும் ஊசலாடும். உள்ளே போனால் கடைசியில் ஓர் அலமாரி. அதில் ஒரு தட்டு முழுவதும் எங்கள் சமுதாயத்துக்கு உரியது. யாசீன் கிதாபுகள், ஜுஸுக்கள், தொழுகை முறை விளக்கங்கள், நபிமார், வலிமார் வரலாறுகள், சீறாப்புராண உரை, அரபுத்தமிழ்க் கிதாபுகள் எல்லாம் அங்கே இருக்கும்.

கடைக்காரர் எங்கள் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஊரார் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. குர்ஆன் ஜுஸுக்களை மட்டும் அவர் தம் கையால் எடுத்துத் தர மாட்டார். "இது உங்க பொருள் தம்பி, நீங்களே எடுத்துக்கோங்க" என்று முக்காலியை நகர்த்திக் கொடுப்பார். ஒருமுறை அத்தா, "இந்தத் தட்டு ஓடுகிறதா அண்ணாச்சி?" என்று கேட்டார். "வாங்குறவங்க பத்துப் பேருதான் பாய். ஆனா பத்துப் பேரும் கடன் சொல்ல மாட்டாங்க" என்றார் அவர். அதற்குமேல் பெரிய விளக்கம் எதுவும் அவர் சொன்னதில்லை.

வாங்கிய புத்தகம் வீட்டுக்கு வந்ததும் அதன் வேலை தொடங்கும். எங்கள் வீட்டில் தனியே உட்கார்ந்து படிக்கும் வழக்கம் குறைவு. இஷாத் தொழுகை முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, அரிக்கேன் விளக்கைத் திண்ணையில் வைத்து அத்தா உரக்கப் படிப்பார். எதிர்வீட்டார் வருவர், அடுத்த தெருவிலிருந்தும் இருவர் மூவர் வருவர். பெண்கள் உள்முற்றத்தில் அமர்ந்து கேட்பர். தொண்டியில் பிறந்து, சென்னையில் யுனிவர்சல் பப்ளிஷர்ஸ் என்னும் பதிப்பகத்தை நடத்திய எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்களின் 'வலிமார்கள் வரலாறு' இவ்வாறு பல இரவுகள் எங்கள் திண்ணையில் படிக்கப்பட்டது. ரபீஉல் அவ்வல் பிறந்துவிட்டால் சீறாப்புராணம். ஒருவர் பாடலை இராகத்தோடு இழுத்து ஓத, மற்றொருவர் பொருள் சொல்லுவார். விற்றது ஒரே பிரதிதான். அதைக் கேட்ட காதுகள் நாற்பதுக்குக் குறையா.

என் நன்னி பள்ளிக்கூடப் படி ஏறாதவர். வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த ஒருவர், அவரை எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று குறித்துக்கொண்டு போனார். உண்மையில் எங்கள் வீட்டிலேயே மிகுதியாகப் படித்தவர் அவர்தாம். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழைத் தடையின்றி வாசிப்பார். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனச் சில எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு நம் முன்னோர் வகுத்துக்கொண்ட முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மஙானி' என்னும் சட்டநூலை நன்னி பக்கம் பக்கமாக அறிவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தொழுகை, நோன்பு பற்றிய ஐயங்களை அவரிடம் வந்து கேட்டுப் போவர். ஏர்வாடிக்குச் சந்தனக்கூடு பார்க்கப் போகிறவர்களிடம் எல்லாரும் மிட்டாயும் வளையலும் வாங்கி வரச் சொல்லுவர். நன்னி கிதாபு வாங்கி வரச் சொல்லுவார்.

இவற்றை எல்லாம் பழம்பெருமையாக நான் நினைவுகூரவில்லை. ஒரு புத்தகம் எவ்வாறு உயிர் பிழைக்கிறது என்பதை இந்த வறண்ட சீமையே நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியாகத் தூத்துக்குடிச் சாலையில் தெற்கே போனால் எட்டயபுரம் வரும். பாரதி 1882-இல் பிறந்த ஊர் என்று அங்கே இறங்குவோர் பலர். உமறுப் புலவர் அடங்கியிருப்பதும் அவ்வூரிலேதான் என்பதை நினைத்து இறங்குவோர் சிலரே. பதினேழாம் நூற்றாண்டில் அந்த அரண்மனைப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர் உமறு. நம் சீமையைப் போலவே காய்ந்த கரிசல் மண்ணில் வளர்ந்த அந்தத் தமிழால்தான் 5027 பாடல்களைக் கொண்ட சீறாப்புராணம் உருவாயிற்று.

ஆனால் புலமை மட்டும் அந்நூலை நமக்குத் தந்துவிடவில்லை. கீழக்கரை வள்ளல் சீதக்காதி அதனைப் பாடச் சொல்லி ஆதரித்தார். அவர் மறைந்த பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அந்தப் பொறுப்பை ஏற்றார். நூல் அரங்கேறியது. பின்னர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது ஏட்டிலேயே கிடந்தது. இந்நாட்டார் தடையின்றி அச்சகம் வைத்துக்கொள்ளும் உரிமை 1835-இல்தான் கிடைத்தது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப்பின், 1842-இல், செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு அதனை அச்சில் கொண்டுவந்தார். எழுதியவர் ஒருவர், எழுத வைத்தவர் ஒருவர், முடிக்க வைத்தவர் ஒருவர், அச்சேற்றியவர் ஒருவர். இந்நால்வருள் எவர் ஒருவர் பின்வாங்கியிருந்தாலும் எங்கள் திண்ணையில் சீறா ஒலித்திருக்குமா என்பது ஐயமே.

அச்சு வந்தபின் வள்ளலின் வடிவம் மாறிற்று. அரசுப் பதவியைத் துறந்து 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்திய பா. தாவூத்ஷா (1885–1969) அவர்களுக்குச் சீதக்காதி எவரும் கிடைக்கவில்லை. சென்னையில் ஷாஜஹான் புக் டிப்போ என்று கடை வைத்து, தம் நூல்களைத் தாமே விற்றார். அவரைத் தாங்கியவர்கள் ஊர் ஊராக இருந்த சந்தாதாரர்களும், வி.பி.பி. கட்டுக்குப் பணம் கட்டி எடுத்துக்கொண்ட குடும்பங்களுந்தாம். அப்துற் றஹீம் அவர்கள் 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்' போன்ற பெரும் பணியில் இறங்க முடிந்ததும், அவருடைய மற்ற நூல்களைச் சிற்றூர்க் குடும்பங்கள் விலை கொடுத்து வாங்கியதால் அல்லவா? ஒரு கப்பல் வணிகர் தனியே சுமந்த பாரத்தை ஆயிரம் குடும்பங்கள் பகிர்ந்து சுமந்தன. அந்த ஆயிரம் கைகளும் நூலைத் தொட்ட இடம், ஊருக்கு ஊர் இருந்த அண்ணாச்சி கடை போன்ற சிறு கடைகளே.

அத்தகைய கடை எதனால் வாழ்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். நூறு ரூபாய்ப் புத்தகம் ஒன்றை விற்றால் கடைக்காரருக்குக் கழிவாகக் கிடைப்பது இருபத்தைந்து ரூபாய், மிஞ்சினால் முப்பது. அதில் கட்டுக் கூலி, கடை வாடகை, மின் கட்டணம் எல்லாம் போக வேண்டும். விற்காத புத்தகம் அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அவருடைய முதலைத் தின்னும். சூன் மாதத்தில் விற்கும் நோட்டுப் புத்தகத்தின் லாபந்தான் ஆண்டு முழுவதும் அந்த உள் அலமாரிக்குச் சோறு போடுகிறது. இப்போது பல பள்ளிகள் நோட்டுகளைத் தாங்களே தருகின்றன. பதிவுப் புத்தக அஞ்சல் என்னும் மலிவான சேவையும் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன்பின் ஒரே ஒரு பிரதியை வரவழைப்பதற்கும் கூடுதலாகச் செலவிட வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்க் கடையை இப்போது அண்ணாச்சியின் மகன் நடத்துகிறார். வருகிற பள்ளிப் பருவத்துக்குள் உள் அலமாரியை எடுத்துவிட்டு, பைகளும் தண்ணீர்ப் புட்டிகளும் வைக்கப் போவதாகச் சென்ற மாதம் சொன்னார். குரலில் வருத்தம் இருந்தது. கணக்கில் பிழை இல்லை. "அப்பா காலத்துப் பத்துப் பேரு இப்ப மூணு பேரா ஆயிட்டாங்க சார்" என்றார்.

இதை வீட்டில் சொன்னபோது என் மகள், "அத்தா, எல்லாந்தான் கைபேசியில் கிடைக்கிறதே!" என்றாள். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எங்கும் கிடைக்காத பழைய பதிப்புகள் பலவற்றை இன்று திரையில் காசின்றிப் படிக்க முடிகிறது. பொது நூலகமும் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டி வருகிறோம். அங்கே சென்று படிப்பது நம் உரிமை. மாவட்டத் தலைநகர்களில் புத்தகத் திருவிழாவும் நடக்கின்றது. இவற்றில் எதனையும் நான் குறை கூறமாட்டேன்.

ஆயினும் என் மகளிடம் ஒன்று கேட்டேன். "முன்பே எழுதியதை இலவசமாகப் படிக்கலாம் அம்மா. இனி எழுத வேண்டியதை யார் எழுதுவார்? அவருக்கு அச்சுக் கூலி யார் கொடுப்பார்?" நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. நன்னி போன்ற பெண்கள் மனப்பாடமாக வைத்திருந்த பாடல்களில் பாதி அவர்களோடு மண்ணுக்குள் போய்விட்டது. அரபுத்தமிழைத் தடையின்றி வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருவராகக் குறைந்துவிட்டனர். அக்கிதாபுகளைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதும் வேலை இன்னும் எவ்வளவோ கிடக்கின்றது. இவற்றைச் செய்ய முன்வரும் ஒருவர், ஐந்நூறு படிகளாவது விலைபோகும் என்ற நம்பிக்கை இல்லாமல் எவ்வாறு தொடங்குவார்? அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மஙானியில் என்ன இருக்கிறது அத்தா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நாம் செலவழிக்கத் தெரியாத சமுதாயம் அல்ல. ஒரு நிக்காஹ்வில் மீதமாகும் பிரியாணியின் விலையில் ஓர் அலமாரியையே நிரப்பலாம். மணமகளின் சீர் வரிசையில் பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் நடுவே குர்ஆன் வைக்கிறோம். அதன் அருகில் நான்கு நல்ல தமிழ்ப் புத்தகங்களை வைப்பதற்கு எந்த ஜமாஅத்தும் தடை சொல்லப் போவதில்லை. மத்ரஸா ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குக் கிண்ணமும் தட்டும் கொடுக்கிறோம். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு நபிமார் வரலாறு கொடுக்கலாம். மளிகைக் கணக்கு, பால் கணக்கு எழுதும் அதே ஏட்டில் மாதந்தோறும் 'புத்தகம்' என்று ஒரு வரி எழுதி, அதற்கு நேரே நூறு ரூபாயாவது வைக்கலாம். ஓதும்படி ஏவிய கட்டளையோடு இறங்கத் தொடங்கிய வேதத்தை உடைய மக்களுக்கு இது பெரிய பாரமாகாது.

இதனை எழுதுமுன் எங்கள் தெருவில் ஏழு குடும்பங்களிடம் பேசினேன். ஆண்டுக்கு ஆறு புத்தகமாவது வாங்குவதாக ஏழு குடும்பத்தாரும் ஒப்புக்கொண்டனர். பெயர்களையும் வேண்டிய நூல்களையும் ஒரு தாளில் எழுதி, முன்பணத்தோடு கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். "கடன் சொல்லாத பத்துப் பேர் சேர்ந்தால் அலமாரி இருக்கும் சார்" என்று அவர் வாக்களித்திருக்கிறார். இன்னும் மூன்று குடும்பங்கள் வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டிப் பக்கத்தில் இதனைப் படிக்கும் சகோதரர்கள் அடுத்த முறை கடைவீதிக்கு வரும்போது உள்ளே கடைசி அலமாரி வரை ஒருமுறை சென்று பார்க்க வேண்டுகிறேன். வேற்றூர்ச் சகோதரர்கள் தங்கள் ஊர்க் கடையில் அத்தகைய அலமாரி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒரு புத்தகமேனும் விலை கொடுத்து வாங்கி வாருங்கள்.